பச்சையாய்த் திரும்பும் ஊதா

விடத்தல்தீவில் போருக்குப் பிறகு மீள்குடியேற்றத்துக்குக் கொடுத்த யன்னலில்லாத தகரக் கொட்டில். பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலிருந்து லீவில் வந்த பிறின்சி, பட்டப்பகலிலும் இருண்ட மூலையில் ஒரு குப்பியைத் தூக்கிப் பிடிக்கிறாள். உள்ளே அவள் வளர்த்த செம்மஞ்சள் பளிங்குச் செதில்கள். ஈயமும் அயடீனும் ஒரு படை, கரிமச் சேர்வை ஒரு படை என்று மாறி மாறி அடுக்கியவை. கடற்காற்றின் ஈரம் பட்டால் பழுதாகிவிடும். மூடியைத் திரும்பத் திரும்ப இறுக்குகிறாள். ஊதா ஒளி வீசும் ரோர்ச்சை அடிக்கிறாள். உள்ளே போன ஊதா, படைகளுக்குள் சிக்கிப் பச்சையாய்த் திரும்புகிறது. உள்ளே வந்த தாய் அன்ரோனெற் அப்படியே நிற்கிறாள். “எங்கயடி பொறுக்கினனீ? மெல்ல நிலத்தில வை. பிறகு அசையாதை.” “நான் செய்ததம்மா. வெடிக்காது.” இருவரும் போன மிதிவெடி விழிப்புணர்வு வகுப்பில் பழக்கியபடி, மணல் தரையில் தன் அடிச்சுவடுகளிலேயே கால்வைத்துத் தாய் பின்வாங்குகிறாள். பிறின்சி சிரிக்கப் பார்க்கிறாள். அவள் கால்களும் அசையவில்லை.