கிராணியின் காது

“ஷ்... அவதான் அழறா, கேளுங்க,” என்றார் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி உமாபதி, இருட்டில் விரலை உயர்த்தி.

வேலையாட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்குப் பின்னால், செம்பனை மரத்திலிருந்து குரல் வந்தது. இரண்டு மூன்று முறை நீட்டி இழுத்துவிட்டுப் படபடவென்று இறங்கியது.

“ஒப்பாரிக் குயில் சார். இதே அளவு, இதே நிறத்துல இன்னொரு குயில் இருக்கு. அது அவசரப்படாது, படி இறங்குற மாதிரி சீரா இறங்கும். பகல்ல பார்த்தா பெத்த தாய்க்கே வித்தியாசம் தெரியாது. எனக்குக் குரல் போதும் லா.”

கோலாலம்பூர் பறவைச் சங்கத்துத் தனபாலன் நோட்டில் குறித்துக்கொண்டார். கோலசிலாங்கூரில் திறக்கப்போகும் பறவைப் பூங்காவுக்கு வழிகாட்டி தேடி வந்தவர் அவர். இருபத்திரண்டு வருடம் பேர் கூப்பிட்டே தொண்டை தேய்ந்த உமாபதிக்கு அந்த வேலை மேல் கொள்ளை ஆசை. நேற்றே சட்டைக்குக் கஞ்சி போட்டு வைத்துவிட்டார். அவரை விடுவிக்கும் கடிதத்தோடு மானேஜர் ரெங்கசாமியும் பக்கத்தில் நின்றார்.

“எங்க வீட்டுல சமைக்கிற அம்மா இந்தத் தோட்டத்து ஆளுதான். ‘எங்க கிராணி ஐயாவுக்குக் கண்ணே வேணாம், காது போதும்’னு அவங்க சொல்லித்தான் உங்களத் தேடி வந்தேன்,” என்றார் தனபாலன்.

உமாபதிக்குத் தலைகால் புரியவில்லை.

காலை மணி ஆறு. களத்தில் இருந்த ஒற்றை பல்பின் கீழே பேர்ப் புத்தகத்தைப் பிரித்தார்.

“தாயம்மா!”

“ஐயா!”

“அன்னம்மா!”

“வந்தாச்சுங்க!”

“வேலம்மா!”

“வந்தாச்சுங்க!”

பெண்கள் வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். உமாபதி நிமிரவே இல்லை. மளமளவென்று கோடு போட்டு, நூற்றிருபது பேரையும் முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினார்.

“பாத்தீங்களா சார்? ஒரு மூஞ்சியையும் நான் பார்க்கிறதில்ல. குயிலே என் காதுக்குத் தப்பாது, இதுங்க எங்க தப்பும்?”

மானேஜருக்குப் பெருமை பொங்கியது. கடிதத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். தனபாலன் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

“வேலம்மான்னு கூப்பிட்டீங்களே, அது யாரு?”

“நல்லசாமி சம்சாரம் சார். தோட்டத்துக்கே ஒரே வேலம்மாதான். மூணு மாசமா ஒரு நாள் மட்டம் போட்டதில்ல, தங்கமான ஆளு!”

தனபாலன் நோட்டை மூடினார்.

“அவங்கதான சார் இன்னிக்கு விடியக்காலை மூணரை மணிக்கு கோலாலம்பூர்ல எனக்குக் காப்பி போட்டுக் குடுத்தாங்க!”