மிரட்டல் ஒன்று தேவை

"இதுவரைக்கும் ஒரு மிரட்டல்கூட வரலையா?"

காபிக்குச் சர்க்கரை இல்லையா என்பதுபோலக் கேட்டான் சிக்ஸ்டன்.

"வரலை" என்றாள் டீசா.

அந்த மீன் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி அவள். பதினாறு வருடங்களாக எல்லா அறிக்கைகளின் கீழும் அவள் பெயர்தான். நடுக்கோடைத் திருநாள் விருந்துக்கு அவர்கள் விற்ற ஹெர்ரிங் மீன் ஜாடிகளால், ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகர ஆஸ்பத்திரிகளில் நூற்றுப்பத்துப் பேர் படுத்திருந்தார்கள். நிர்வாக இயக்குநர் தீவிலிருக்கும் தன் கோடை வீட்டுக்குப் போய், போனை அணைத்துவிட்டார்.

சிக்ஸ்டன் ஸ்டாக்ஹோமிலிருந்து வரவழைக்கப்பட்டவன். கம்பெனிகளின் மேல் ஒட்டிய கெட்டபெயரைத் துடைத்துக் கொடுப்பது அவன் தொழில்.

"அறுநூறு பேர் எழுதியிருக்காங்க. ஒருத்தர்கூடவா திட்டலை?"

"ஒருத்தர் 'மிகுந்த ஏமாற்றம்'னு எழுதியிருக்கார்."

"அது திட்டே இல்லையே."

"ரெண்டு தடவை எழுதியிருக்கார்."

"வேற?"

"ஒரு ஸ்கூல் டீச்சர், நம்ம அறிக்கையில இருந்த தப்பையெல்லாம் சிவப்பு மையில திருத்தி அனுப்பியிருக்காங்க."

"சே! என்ன ஜனங்க இவங்க!" சிக்ஸ்டனுக்கு உண்மையிலேயே வருத்தம். "டீசா, விஷயம் ரொம்பச் சுலபம். இன்னிக்கு எல்லாப் பேப்பர்லயும் மீன். 'ஊழியர்களுக்கு மிரட்டல்'னு ஒரே ஒரு வரி வந்தா, நாளைக்கு மீன் இருக்காது. நாமதான் இருப்போம். பாவம், நாம."

அவள் மேஜைமேல் ஒரு கடிதம் பிரித்தபடி கிடந்தது. நீல மையில், கையால் எழுதியது. சிக்ஸ்டன் எடுத்துப் படித்தான்.

'என் மனைவி ஐந்து நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மீன் கெட்டிருப்பது உங்களுக்கு என்றைக்குத் தெரியும்? இந்த ஒரு கேள்விதான். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உங்கள் அலுவலகத்துக்கு வருவேன். பதில் கிடைக்கும்வரை உட்கார்ந்திருப்பேன். என் வயது எழுபத்தெட்டு. கடிதம் நீண்டுவிட்டதற்கு மன்னிக்கவும். இப்படிக்கு, ஹில்டிங்.'

கீழே முகவரி, போன் எண். 'கடிதம் கிடைத்தது. உங்கள் மனைவி சீக்கிரம் குணமாகட்டும்' என்று டீசா காலையிலேயே அவருக்கு இரண்டு வரி பதில் போட்டிருந்தாள்.

"வருவேங்கிறார். உட்காருவேங்கிறார். போக மாட்டேங்கிறார்" என்று விரல்விட்டு எண்ணினான் சிக்ஸ்டன். "இது போதும்."

"பெரியவர் கேள்விதானே கேக்கிறார்?"

"அதைவிடப் பெரிய மிரட்டல் உண்டா? உங்களுக்குப் பதில் தெரியுமில்ல?"

டீசா கடிதத்தை அவனிடமிருந்து வாங்கி மடித்தாள்.

அவளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை. விருந்துக்கு மூன்று நாள் முன்னாலேயே தொழிற்சாலையிலிருந்து சொல்லிவிட்டார்கள். பண்டிகை முடியட்டும் என்றார் இயக்குநர்.

"எனக்கு இது பிடிக்கலை" என்றாள்.

"யாருக்குத்தான் பிடிக்குது? உங்க பேரைப் போடுங்க."

பதினாறு வருடப் பழக்கம். கை தானாகவே போட்டது.

'எங்கள் ஊழியர்களுக்கு மிரட்டல் வந்துள்ளது. அவர்களின் பாதுகாப்பை முன்னிட்டு, இப்போதைக்கு எந்தக் கேள்விக்கும் பதிலளிக்க இயலாது. இப்படிக்கு, டீசா, மக்கள் தொடர்பு.'

போலீசுக்கும் சொன்னார்கள். வந்த இன்ஸ்பெக்டர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"நல்ல கையெழுத்து" என்றார். விதிமுறை என்று ஒன்று இருக்கிறதே; வெள்ளிக்கிழமைக்கு இரண்டு பேரை அனுப்புவதாகச் சொல்லிப் போனார்.

மறுநாள் மீன் ஏழாம் பக்கத்துக்குப் போய்விட்டது. முதல் பக்கத்தில் டீசாவின் பழைய போட்டோ. முகம் தெரியாதவர்கள் பூ அனுப்பினார்கள். போட்டிக் கம்பெனிக்காரர்கள்கூட ஒரு கேக் அனுப்பினார்கள். சிக்ஸ்டன் இரண்டு துண்டு சாப்பிட்டான். டீசா கேக்கைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை. ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது டிராம் வந்து நின்றது.

ஒரு பெரியவர் இறங்கினார். ஒரு கையில் மடக்கு ஸ்டூல், மறு கையில் ஃபிளாஸ்க். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். எதிரே நாலைந்து நிருபர்கள், இரண்டு கேமராக்கள்.

கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் டீசா எழுந்து நின்றாள்.

"வெளிய போகாதீங்க" என்றான் சிக்ஸ்டன் மெதுவாக. "அவர் கொஞ்சம் சத்தம் போடட்டும். கேமரா இருக்கு."

அவள் போனாள். கதவைத் திறக்கையில், செவ்வாய்க்கிழமை என்ற ஒரு சொல்லை மட்டும் அவரிடம் சொல்லத் தயாராக வைத்திருந்தாள்.

போலீஸ்காரர் பெரியவரை மறித்தார். "ஹில்டிங் நீங்கதானா?"

"நானேதான் தம்பி."

"எதுக்கு வந்தீங்க?"

"ஒரு கேள்வி கேக்கணும்னு இருந்தேன். இப்ப அது கிடக்கட்டும், இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

ஸ்டூலைக் கதவோரமாகப் பிரித்துப் போட்டார். கட்டடத்துக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்.

"இந்தக் கம்பெனியில எனக்கு ரெண்டு வரி பதில் போட்டது, டீசான்னு ஒரு அம்மா மட்டும்தான். அவங்களைப் போய் எவனோ மிரட்டியிருக்கானாமே, பேப்பர்ல பாத்தேன்" என்றார். "வரட்டும் அவன். முதல்ல என்னைத் தாண்டி உள்ள போகட்டும், பாக்கலாம்."