விழுந்தவன் சட்டையில் நட்சத்திரம்

பாருங்கள் கண்ணுகளா, அறுபத்தைந்தாம் வருஷத்துச் சிதம்பரம். நடுப்பகலிலேயே கதவெல்லாம் சாத்திய தெரு. இந்தி எதிர்ப்பு ஊர்வலம் போன மாணவர்களைத் தேடி வீடுவீடாகப் போலீஸ் வருகிறது. வரப்போகும் இங்கிலீஷ் படத்துக்காக டாக்கீஸ் வாசலில் அட்டையால் கட்டப்போகும் கௌபாய் ஊரை, சினிமா பேனர் வரையும் நடனசபாபதி தன் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் கரித்துண்டால் வரைந்து வைத்திருக்கிறார். மரவீடுகள், குதிரை, துப்பாக்கியோடு ஒருவன், அவன் காலடியில் விழுந்து கிடக்கும் இன்னொருவன். ஜன்னல் இடுக்கு வெயில் அந்த விழுந்தவன் மேலேயே நிற்கிறது.

“ஏங்க, அவன் சட்டையில என்னா நட்சத்திரம்?” என்கிறாள் மனைவி குணசுந்தரி.

“அந்த ஊரு போலீசு.”

“போலீச சுட்டாப்லயா வரைவீங்க? தாள்ல வரைஞ்சிருந்தா அடுப்புலயாவது போட்டிருப்பேன். அழிங்க.”

பூட்ஸ் சத்தம் பக்கத்து வீட்டில் நிற்கிறது. அவர் உள்ளங்கையால் தேய்க்கிறார். நட்சத்திரம் போய்விட்டது. ஆள் போகவில்லை, தேய்க்கத் தேய்க்கக் கருப்பாகப் பரவுகிறான். குணசுந்தரி அவன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொள்கிறாள். கதவைத் தட்டுகிறார்கள்.