வெள்ளைப் பெட்டி

மகள் படிக்கும் எபிஸ்கோபல் சபைப் பள்ளியில் புதன்கிழமை ஜெபம் முடிந்ததும் ஃபாதர் விட்லாக்கின் அறைக்குப் போனேன்.

"வாராவாரம் என் மனைவி பேரை வாசிக்கிறதை நிறுத்துங்க, ஃபாதர். கோரின் போய் எட்டு மாசமாச்சு. ஞாபகப்படுத்திக்கிட்டே இருந்தா என் பொண்ணு எப்படித் தேறுவா?"

"டெஸ்ஸாதான் சீட்டு எழுதிப் போடுறா, நோலன்."

என் மகளுக்கு ஏழு வயது. வீட்டில் அவள் அம்மா பேச்சையே எடுத்ததில்லை. நானும்தான்.

ஆலய வாசலில் இரண்டு பெட்டிகள் உண்டு. நோயாளிகளுக்கு நீலம், இறந்தவர்களுக்கு வெள்ளை. பிள்ளைகள் பெயர் எழுதிப் போடுவார்கள், ஃபாதர் வாசித்து ஜெபிப்பார்.

"அவ போட்டாலும் வாசிக்காதீங்க. சின்ன வயசுலேர்ந்தே காலேஜுக்குத் தயார் பண்றோம்னுதானே சேர்த்துக்கிட்டீங்க? இது பள்ளிக்கூடமா, சாவு வீடா?"

ஃபாதர் கோபப்படவில்லை.

"அவ ரெண்டு சீட்டு போடுறாப்பா. ஒண்ணைத்தான் வாசிக்கிறேன். இன்னொண்ணை வாசிக்க மனசு வரல."

இழுப்பறையிலிருந்து ஒரு கற்றைச் சீட்டுகளை எடுத்து நீட்டினார். எல்லாவற்றிலும் அவளுடைய கோணல் எழுத்தில் என் பெயர்.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே, ஃபாதர். எதையாவது பார்த்துப் பயந்துட்டாளா?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். நீலப் பெட்டியில போடும்மான்னேன்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "'இல்ல ஃபாதர், வெள்ளைதான் சரி. அம்மா போன அன்னைக்கே அப்பாவும் போயிட்டாரு. கார் ஓட்ட மட்டும் வர்றாரு'ன்னா."

மூன்றரை மணிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் கார் வரிசையில் நின்றேன். அவள் வழக்கம்போலச் சத்தமில்லாமல் பின் இருக்கையில் ஏறினாள்.

"டெஸ்ஸா" என்று கூப்பிட்டேன்.

அவள் திடுக்கிட்டுப் போனாள்.