இழைப்புளி நின்ற இடம்

கச்சேரிக்கென்று அருளப்பன் கையால் செய்த மூன்றாவது ஸ்பானிஷ் கிட்டாரும் திரும்பி வந்துவிட்டது.

"பெட்டியைத் தட்டுற மாதிரி கேக்குதாம்," என்றாள் மனைவி ஸ்டெல்லா.

அவர் தந்தியை மீட்டினார். அருமையாக இருந்தது. போன வருடம் காதில் பொருத்திய கருவி எந்த ஒலியையும் இனிமையாக்கித்தான் தரும். மேல்பலகையைச் சீவி விரலால் தட்டிப் பார்ப்பார். இன்னும் சீவ வேண்டிய தடித்த பலகையும் அவர் காதுக்கு முதல் தட்டிலேயே கணீரென்று ஒலிக்கும். போதுமென்று இழைப்புளியைக் கீழே வைத்துவிடுவார்.

"காதுல இருக்கிறதைக் கழட்டிட்டு வேலை பாருங்களேன்."

"கழட்டினா ஒண்ணுமே கேக்காது, ஸ்டெல்லா."

"அப்ப பட்டறைய மூடிருங்க. என்னால இதுக்கு மேல முடியல."

அவள் குரல் தாலாட்டுப்போல இருந்தது. கோபமில்லை என்று நினைத்து, சிரித்தபடியே நிமிர்ந்தார்.

ஸ்டெல்லா வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள்.