இரவல் ஷூ

சன்னல் வெயிலில் லாரி டிரைவரின் ஷூ பளபளக்கிறது. தன் வண்டி மோதி இடது காலை இழந்தவருக்கு மாதாமாதம் கட்டும் நஷ்டஈட்டைக் குறைக்கும்படி அவர் மனுப் போட்டிருக்கிறார். கோர்ட்டுக்கு மரியாதையாகப் போகவேண்டும் என்று மனைவிதான் காலையில் ஷூவைத் துடைத்துக் கொடுத்தாள். நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார். "வேலையில்லைங்கறீங்க. ஷூ மட்டும் இப்படி மின்னுது?" பின்வரிசையில் யாரோ, "மாப்பிள்ளை மாதிரியில்ல வந்திருக்காரு" என்று சிரிக்கிறார். "மச்சானோடதுங்கய்யா. கால்விரலை மடக்கிக்கிட்டுத்தான் நிக்கறேன்" என்கிறார் டிரைவர். எதிர் பெஞ்சில் ஊன்றுகோலை மடியில் வைத்திருப்பவர் சிரிக்கவில்லை. "அந்தப் பணத்துலதாங்கய்யா எங்க வீட்டு அடுப்பு எரியுது" என்கிறார். "குறைக்க முடியாது" என்று நீதிபதி பேனாவைத் திறக்கிறார். ஊன்றுகோல்காரர் இன்னும் ஷூவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். டிரைவர் தன் இடது காலை மெல்ல வலது காலுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறார்.