கழற்றக் கூடாத இரும்பு

"துண்டுல மட்டும் கை வைக்காதீங்க" என்றாள் அவள்.

இரும்பு கடையும் லேத்தை விலைக்குப் பார்க்க வந்த மாரப்பன் கையை இழுத்துக்கொண்டார். பீளமேட்டில் முப்பது வருடம் பட்டறை நடத்தியவர். மூடி வைத்ததைத் திறந்து பார்க்காமல் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழக்கமில்லை.

பெங்களூரில் இருக்கும் அவள் மகன்தான் போனில் பேசி அனுப்பியிருந்தான். லேத் போனால் கார் ஷெட்டுக்குள் வரும். ஏழு வருடமாகக் கார் தெருவில் வெயில் காய்கிறது. லேத் நிழலில் இருக்கிறது. தெருவே சிரித்த சிரிப்பு அது.

பம்ப் கம்பெனியில் ரிட்டயர் ஆன மனுஷன், நாலு கோயிலுக்குப் போய் வரலாம். பேப்பர் படிக்கலாம். அவள் புருஷனோ ஒரு பழைய லேத்தைக் கொண்டுவந்து இறக்கி, குக்கர் அளவுக்கு நீராவி எஞ்சின் செய்யப்போவதாகச் சொன்னார்.

பக்கத்து வீட்டுத் தமயந்தி மதில்மேல் மோவாயை வைத்துக் கேட்டாள்.

"ஏனுங்ண்ணா, இது என்னத்துக்குங்க ஆகும்?"

"சுத்துமுங்க."

"சுத்தி?"

"சுத்திக்கிட்டே இருக்குமுங்க."

ஒரு வாரத்துக்குத் தெருவில் வேறு பேச்சே இல்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறும்போதும் அந்த மனுஷன் பீரோ சாவியைப் பற்றிச் சொல்லவில்லை. பிள்ளையைப் பற்றிச் சொல்லவில்லை.

"சக்குல இரும்பு மாட்டியிருக்கு. யாரையும் கழட்ட உட்றாத. வேலை முடியறதுக்குள்ள கழட்டினா சென்டர் போயிரும். மறுக்கா எப்படி மாட்டினாலும் பழைய எடத்துக்கு வராது."

அதுதான் கடைசிப் பேச்சு. முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்துக்கு.

அவள் கழற்றவிடவில்லை.

லேத்தின் வாயான சக்கு கவ்வியிருந்தது, எஞ்சினுக்காகப் பாதி கடைந்த ஒரு சக்கரத்தை. கடைந்த பாதி வெள்ளை, கடையாத பாதி கறுப்பு. அதன்மேல் அவருடைய துண்டைப் போட்டாள். ஷெட்டின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் வைத்தாள். கதவைப் பூட்டினாள்.

முடியாத வேலை இருக்கும்வரை ஆள் திரும்பி வருவார்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தமயந்திக்கு ஒரு வாரம் போதாது.

தமயந்தியும் சும்மா இல்லை. "மத்தியானமானா உங்க ஷெட்டுல கிர்ருங்குதுங்க்கா. நீங்கதான் ஓட்டக் கத்துக்கிட்டீங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்" என்றாள் போன மாதம்.

தமயந்தி சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்பது தெருவின் வழக்கம். இவள் முழுவதையும் தள்ளினாள்.

"அதைக் கழட்டாம லேத்தை எப்படிங்கம்மா தூக்கறது?" என்றார் மாரப்பன். "பார்க்கவாச்சும் உடுங்க."

சரி, பார்க்கட்டும்.

துண்டை அவளே எடுத்தாள்.

சக்கரத்தில் கறுப்பு இல்லை.

முழுவதும் வெள்ளை. விளிம்பில் ஷெட்டின் தகரக் கூரை தெரிந்தது. அவள் முகம் தெரிந்தது. துரு ஒரு பொட்டுக்கூட இல்லை.

வட்டம் மயிரளவு பிசகினாலும் முள் ஆடிக் காட்டும் டயல் கேஜை மாரப்பன் பையிலிருந்து எடுத்து விளிம்பில் வைத்தார். சக்கைக் கையால் மெல்லச் சுற்றினார். முள் அசையவில்லை. இன்னொரு சுற்று. அசையவில்லை.

"கைன்னா இது கைங்கம்மா" என்றார். "முடிச்சுட்டாருங்க. இனி இதுல ஒரு வேலையும் இல்லை. தாராளமாக் கழட்டலாம்."

பிறகு கீழே இருந்த தட்டைப் பார்த்தார். இரும்புச் சுருள்கள் மின்னிக்கொண்டிருந்தன. ஐந்து மாதச் சுருள் என்றால் இந்நேரம் செங்கல் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அவளைப் பார்த்தார்.

"வெதுவெதுங்குதே. காலைல ஓட்டினீங்களா?"

அவள் சக்கரத்தின்மேல் கை வைத்தாள்.

கழற்றிப் போட்ட சட்டையில் கொஞ்ச நேரம் இருக்குமே, அந்தச் சூடு.

ஆக, வந்திருக்கிறார். ஐந்து மாதமும்.

ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவே பதினைந்து அடி இருந்தால் அதிகம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை மனுஷனுக்கு.

அழுகை வரும் என்று நினைத்தாள். கோபம்தான் வந்தது. அதன் பின்னாலேயே பயமும்.

முடித்துவிட்டார்.

மாரப்பன் சக்கின் சாவியைப் போட்டுத் திருகி, சக்கரத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். குழந்தையை வாங்குவதுபோல் வாங்கினாள். பிடித்துக்கொண்டிருக்கும்போதே சூடு குறைந்துகொண்டு வந்தது.

"நாளைக்கு நாலு ஆளுகளோட வந்து தூக்கிக்கட்டுங்களா?"

அவள் சக்கரத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் குனிந்தாள்.

மேசைக்கடியில் வெட்டிப் போட்ட இரும்புத் துண்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றாக நகர்த்தினாள். சின்னது. இதுவும் சின்னது. இது ஒரு மாதத்துக்குக் காணாது.

சுவரை ஒட்டி ஒன்று கிடந்தது. கறுத்து, சொரசொரத்து, தவலையின் அடி அளவுக்கு. எதற்கு வாங்கினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. இரண்டு கையாலும் இழுத்தாள். பாதி தூரம்தான் வந்தது.

"இதை மாட்டிட்டுப் போங்க."

மாரப்பன் இரும்பைப் பார்த்தார். லேத்தைப் பார்த்தார்.

"இந்தச் சின்ன லேத்துல இதைக் கடைஞ்சு முடிக்க வருசக்கணக்குல ஆகுமுங்கம்மா."

"ஆகட்டுமுங்க" என்றாள். "கெட்டியா மாட்டுங்க."